எழுதிக் கொடுத்த வாக்கு

(பனிச்சங்கேணியில் கமக்காரரும் ஆசிரியரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



அரசியற் கடிதங்களைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். வயலும் வாவியும் தரும் வேலைகளுக்கிடையே இப்பொருளைக் கேட்க இத்தனை பேர் வந்து அமர்ந்திருப்பது எனக்கு வியப்பளிக்கவில்லை. எழுத்தின் பெறுமதியைக் கமக்காரனைவிட நன்கறிந்தவர் யார்? 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் வந்த நாள்தொட்டு, இந்நாட்டிலே காணி கைமாறுவதென்றால் எழுத்து வேண்டும், நொத்தாரிசு வேண்டும், சாட்சிகள் இருவர் வேண்டும். உடன்பிறந்தவனுக்கு அரை ஏக்கர் கொடுப்பதாயினும் உறுதி முடித்தே கொடுக்கின்றோம். நாளை நம் பிள்ளைகள் ஒருவர்மீதொருவர் வழக்காடக் கூடாதென்பதற்காகவே அவ்வாறு செய்கின்றோம்.

அரை ஏக்கருக்கு இவ்வளவு விழிப்பாக இருக்கும் நாம், ஓர் இனத்தின் அரசியல் உரிமையைப் பற்றிப் பேசி முடித்தபோது எத்தகைய எழுத்தை வாங்கினோம்? ஒப்பமிட்டவர்கள் எந்தத் தகுதியில் ஒப்பமிட்டார்கள்? சாட்சியாக நின்றவர்கள் யார்? 1918ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 7ஆந் திகதியிட்ட ஒரு கடிதத்தை வைத்து இவ்வினாக்களை ஆராய விழைகின்றேன்.

அன்றைய நிலையைச் சுருங்கச் சொல்லிவிடுகின்றேன். சட்டநிரூபண சபையிலே உத்தியோகத்தரே பெரும்பான்மையினர். எஞ்சிய ஆசனங்களிற் பெரும்பாலானவற்றுக்குத் தேசாதிபதியே இனவாரியாக ஆட்களை நியமித்தார். 1910ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் 'படித்த இலங்கையர்' என்று ஒரேயொரு தொகுதியைத் தந்தது. 1911இல் அதற்குப் பொன்னம்பலம் இராமநாதன் தெரிவானார். அத்தொகுதியில் வாக்குரிமை பெற்றிருந்தோர் ஆங்கிலம் படித்த சில ஆயிரம் பேரே. மட்டக்களப்பு வாவிக்கரையில் ஏர் பிடித்தவனுக்கு அதில் இடமில்லை. இதனை மனத்திலிருத்திக் கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

இராமநாதனின் தம்பியார் சேர். பொன்னம்பலம் அருணாசலம். 1853இற் பிறந்து, கேம்பிரிட்ஜிற் கற்று, போட்டிப் பரீட்சையின் மூலம் இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் அவர். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தியவரும் அவரே. 1913இல் ஓய்வுபெற்ற பின்பு வீட்டில் அமர்ந்திராது, 1917 ஏப்பிரலில் நம் நாட்டின் அரசியல் தேவைகளைப் பற்றி ஒரு பேருரை ஆற்றிச் சீர்திருத்த இயக்கத்துக்கு உயிர் கொடுத்தார். கடிதம் எழுதுவதிலும் அவர் பெரியவர். எட்வேர்ட் கார்ப்பென்ரர் என்ற ஆங்கில நண்பருக்கு ஞானநெறியைப் பற்றி அவர் எழுதிய கடிதங்கள் அவர் மறைந்த பின்னர் 1927இல் நூலாக வந்தன. அந்தக் கடிதங்களைப் போற்றும் நம்மவர்கள், அவர் கையினூடாகச் சென்ற அரசியற் கடிதத்தை மறந்துவிட்டார்கள்.

இனவாரி நியமனத்தை ஒழித்துத் தொகுதிவாரித் தெரிவைப் பெறவேண்டும் என்பது சீர்திருத்தக்காரரின் கோரிக்கை. யாழ்ப்பாணச் சங்கம் தயங்கியது. நிலப்பரப்பை வைத்துத் தொகுதி வகுத்தால் தமிழர் வடக்கிலும் கிழக்கிலும் இரண்டொரு ஆசனத்தோடு ஒடுங்கிவிடுவர். கொழும்பில் வாழும் தமிழருக்குக் குரலே இராது என்பது அவர்களின் அச்சம். அந்த அச்சம் வீணானதென்று யாரும் சொல்ல இயலாது. 1920ஆம் ஆண்டுத் திட்டத்திலே தொகுதிவாரி ஆசனங்கள் 11. மேல் மாகாணத்துக்கு 3, ஏனைய எட்டு மாகாணங்களுக்கும் ஒவ்வொன்று. வடக்குக்கு ஒன்று, கிழக்குக்கு ஒன்று. கணக்கு அவ்வளவுதான்.

யாழ்ப்பாணம் சேராவிடின், இலங்கையர் ஒற்றுமைப்படவில்லை என்று சொல்லிக் குடியேற்ற நாட்டு மந்திரி கோரிக்கையைத் தள்ளிவிடுவார். ஆகவே அருணாசலம் நடுநின்றார். இலங்கைத் தேசிய சங்கத்தின் சார்பில் ஜேம்ஸ் பீரிசும், இலங்கைச் சீர்திருத்தச் சங்கத்தின் சார்பில் ஈ. ஜே. சமரவிக்கிரமவும் ஒப்பமிட்டு ஒரு வாக்குறுதியை எழுதினர். அது யாழ்ப்பாணச் சங்கத்தின் சார்பில் நின்ற ஏ. சபாபதியிடம் போய்ச் சேர்ந்தது. தொகுதிவாரித் தெரிவு நிலைக்கும் வரையில், மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் ஒதுக்கப்படுவதைத் தாம் ஊக்கத்தோடு ஆதரிப்பதாக அதிற் சொல்லப்பட்டது. இதனை நம்பி யாழ்ப்பாணத்தவர் இணங்கினர். மறு ஆண்டு, 1919 டிசெம்பர் 11ஆந் திகதி, இலங்கைத் தேசியக் காங்கிரஸ் பிறந்தது. முதல் தலைவர் அருணாசலமே.

இக்கடிதத்தை ஓர் உறுதியை வாசிப்பதுபோல் வாசித்துப் பாருங்கள். 'தருவோம்' என்ற சொல் அதில் இல்லை. 'ஆதரிப்போம்' என்ற சொல்லே உண்டு. அதிற் சூது இருந்ததாக நான் கருதவில்லை. கொடுக்கும் அதிகாரம் இலண்டனில் இருந்தது. தம் கையில் இல்லாததைத் தருவதாக எழுதாதது நேர்மையே. குறை இருந்தது ஒப்பத்தில். இரண்டு சங்கங்களின் சார்பில் இருவர் ஒப்பமிட்டனர். பின்னர் எல்லாச் சங்கங்களும் சேர்ந்து காங்கிரஸ் என்ற புதிய அமைப்பாயின. பழைய சங்கம் எழுதிக் கொடுத்த கடனைப் புதிய அமைப்பு இறுக்க வேண்டுமா? இரண்டு வியாபாரத் தாபனங்கள் ஒன்றாகும்போது கடன்களை யார் ஏற்பதென்று சட்டமும் பத்திரமும் தெளிவாகச் சொல்லும். காங்கிரஸ் கூடிய முதல் நாளிலேயே அக்கடிதத்தைச் சபையில் வாசித்து, பிரேரணையாக நிறைவேற்றி, அமைப்பு விதியிற் பதித்திருந்தால் வாதத்துக்கே இடமிருந்திராது. தலைமை ஆசனத்தில் இருந்தவர் அருணாசலம். கனவான்களின் சொல் போதுமென்று அவர் நம்பினார் என்றே நான் கொள்கின்றேன். தம் சொல்லைத் தாம் மீறாதவர்கள் பிறரையும் அவ்வாறே எண்ணிவிடுகின்றார்கள்.

நடந்தது நீங்கள் அறிந்ததே. அந்த வாக்குறுதி தனிப்பட்ட தலைவர்கள் கொடுத்தது, காங்கிரசைக் கட்டுப்படுத்தாது என்று வாதிக்கப்பட்டது. 1921ஆம் ஆண்டுத் தேர்தலிலே கொழும்பு நகரத் தொகுதியில் அருணாசலம் நிற்பாரெனத் தமிழர் பலர் எதிர்பார்த்திருக்க, ஜேம்ஸ் பீரிஸே அதன் உறுப்பினரானார். காங்கிரசைக் கட்டியெழுப்பிய அருணாசலம் அதனை விட்டு வெளியேறினார். 1923இல் தமிழருக்கெனத் தனியே ஒரு சங்கத்தைத் தொடங்கினார். 1924 சனவரி 9ஆந் திகதி மதுரையிலே காலமானார்.

எதிர்க்கட்சிக்காரர் வழக்கையும் எடுத்துச் சொல்வது என் தொழில் தர்மம். காங்கிரசுக்குள்ளே, இனவாரி ஆசனம் எதுவுமே கூடாது, ஒன்றைக் கொடுத்தால் ஒவ்வொருவரும் கேட்பர் என்று மனப்பூர்வமாக நம்பியோர் இருந்தனர். மானிங் தேசாதிபதி இந்தப் பிளவை வளர்த்தார் என்பதும் உண்மை. சிங்களவரும் தமிழரும் ஒருமித்து நின்றால் அவருக்குத்தான் இடர். இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்ட பின்பும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கின்றது. கருத்து மாறியிருந்தால், மாறியதென்று சொல்லி மறு தரப்போடு மீண்டும் பேசியிருக்கலாம். எழுதிக் கொடுத்த தாளே தம்மைக் கட்டாது என்று சொல்லவேண்டியதில்லை.

இதில் ஒரு விந்தை உண்டு. அந்த ஆசனம் இறுதியில் வந்தது! 1923ஆம் ஆண்டு அரச கட்டளையின்படி 1924இல் அமைந்த சட்டநிரூபண சபையிலே மேல் மாகாணத் தமிழருக்கென ஓர் ஆசனம் இருந்தது. அண்டை வீட்டாரின் வாக்காக வரவேண்டியது, ஆள்பவனின் சலுகையாக வந்தது. ஆள்பவன் கொடுத்ததை ஆள்பவனே எடுத்தான்: 1931இல் டொனமூர்த் திட்டம் இனவாரி ஆசனங்கள் அனைத்தையும் ஒழித்தபோது அதுவும் போயிற்று. சிங்களத் தலைவர்களின் ஒப்பத்தோடு அது வந்திருந்தால் ஏழு ஆண்டுகளுக்கு மேலும் நிலைத்திருக்குமா, நான் அறியேன். ஆனால், இரு இனத்துத் தலைவர்களும் ஒருவரையொருவர் நம்பிப் பேசும் வழக்கம் நிலைத்திருக்கும். நாம் இழந்தது அதைத்தான்.

இனி, உங்களைச் சற்றுத் தொலைதூரத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வாக்குறுதி தாங்கிய கடிதம் காப்பாற்றப்பட்ட ஓர் உதாரணம் வேண்டுமே! அமெரிக்காவின் ஆபிரகாம் லிங்கனும் நம்மைப்போல் நாட்டுப்புற நீதிமன்றங்களில் வழக்குப் பேசிய சட்டத்தரணி. அவருடைய எழுத்துக்கள் 1953இல் எட்டுத் தொகுதிகளாக வெளியிடப்பட்டன. மகன் ஒப்படைத்த கடிதக்கட்டுக்களோ, அம்மகன் இறந்து 21 ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1947இல், ஆராய்ச்சியாளருக்குத் திறந்துவிடப்பட்டன. பூட்டி வைத்தாலும் எரிக்காமல் வைத்தார்கள். நம்மிடமோ கறையான் தின்றது பாதி. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்தது மீதி.

லிங்கன் எழுதிய கடிதங்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கின்றேன். அவர் 1860இல் தெரிவான பின்பு, பதவியேற்கு முன்பு, டிசெம்பர் 22ஆந் திகதி, தென்மாநிலத்து நண்பர் அலெக்சாந்தர் ஸ்டீவன்சுக்கு எழுதினார். அடிமை முறை நிலவும் மாநிலங்களில் அதிற் கைவைக்க மாட்டேன், அஞ்ச வேண்டாம் என்று உறுதி கூறினார். கடிதத்தின் தலைப்பில், இது உம் கண்ணுக்கு மட்டுமே என்று குறித்திருந்தார். ஒருவர் கண்ணுக்கு மட்டும் எழுதிய உறுதிமொழி யார் அச்சத்தைத் தணிக்கும்? சில மாதங்களில் உள்நாட்டுப் போர் மூண்டது. அந்த ஸ்டீவன்ஸ் எதிரணி அரசின் உப சனாதிபதியானார்.

மற்றையது 1863 ஓகஸ்ட் 26ஆந் திகதியது. அவ்வாண்டு முதல் நாளிலே, போரிட்டு நின்ற தென்மாநிலங்களின் அடிமைகளுக்கு விடுதலை என்று லிங்கன் பிரகடனம் செய்திருந்தார். கறுப்பினத்தவரைப் படையிலும் சேர்த்திருந்தார். அவருடைய சொந்த ஊராகிய ஸ்பிரிங்பீல்டிலேயே இது பலருக்குப் பிடிக்கவில்லை. செப்டெம்பர் 3ஆந் திகதி அங்கே கூடவிருந்த பெருங்கூட்டத்துக்கு ஜேம்ஸ் கொங்கிளிங் என்ற நண்பர் அழைத்தார். தலைநகரை விட்டு வர இயலாத லிங்கன், கூட்டத்தில் வாசிக்குமாறு கடிதம் எழுதினார். அதன் சாரம் இது: மனிதர் எவரும் காரணமின்றி உயிரைக் கொடார், கறுப்பு மனிதரும் அப்படியே. நமக்காக அவர்கள் உயிரைக் கொடுப்பதற்குக் காரணம் விடுதலை என்ற வாக்கு. வாக்குக் கொடுத்தாயிற்று, ஆகவே அது காக்கப்பட்டேயாக வேண்டும்.

அதனோடு கொங்கிளிங்குக்குத் தனியே ஒரு குறிப்பும் அனுப்பினார். நீர் நன்றாக வாசிப்பவர். ஒரேயொரு வேண்டுகோள், மிக மெதுவாக வாசியும் என்றார். கூட்டத்துக்கு முன்பே பத்திரிகைகளில் அது சிதைந்து வெளிவந்துவிட்டதைக் கண்டு, இது எப்படி நேர்ந்தது என்று தந்தியடித்துக் கேட்டார். ஒரு சொல்லும் பிறழாமல் மக்கள் காதில் விழவேண்டும் என்பதில் அம்மனிதருக்கு அத்தனை கவலை.

அவரைத் தேவராக்கிவிடாதீர்கள். அவர் மனமும் தளர்ந்தது. 1864 ஓகஸ்டிலே போரும் இழுபட்டது, தேர்தலிலும் தோல்வி உறுதியென்று தோன்றியது. அடிமை விடுதலை என்ற நிபந்தனையைக் கைவிட்டால் சமாதானம் வரும், வெற்றியும் வரும் என்று சொந்தக் கட்சிக்காரரே நெருக்கினர். சார்ள்ஸ் றொபின்சன் என்ற பத்திரிகாசிரியருக்கு அவர் ஒரு மறுமொழி வரைந்தார். வாக்கைக் காப்பேன் என்றும் அதில் இருந்தது. நிபந்தனையைத் தளர்த்தக்கூடும் என்று பொருள்படத்தக்க ஒரு வாசகமும் இருந்தது. ஓகஸ்ட் 19ஆந் திகதி பிரெடெரிக் டக்ளஸ் அவரைக் காண வந்தார். அடிமையாய்ப் பிறந்து தப்பி வந்து, கறுப்பு மக்களின் குரலாய் உயர்ந்தவர் அவர். லிங்கன் அந்த வரைவை அவரிடமே காட்டினார். இதனை அனுப்ப வேண்டாம் என்றார் டக்ளஸ். கடிதம் அனுப்பப்படவில்லை. 1865இலே அடிமை ஒழிப்பு அமெரிக்க அரசியற் சட்டத்தின் 13ஆவது திருத்தமாயிற்று. நம் நாட்டிலும் 1987இல் ஒரு 13ஆவது திருத்தம் வந்தது. எண் மட்டுமே ஒன்று. காணி அதிகாரத்தையும் பொலிஸ் அதிகாரத்தையும் பற்றி அதில் எழுதியிருப்பதை இங்கே எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

இப்பொழுது இரண்டு கடிதங்களையும் அருகருகே வையுங்கள். லிங்கனுடைய வாக்கு நின்றதற்கு அவரது நற்குணம் ஒரு காரணம். அது மட்டுமே காரணமென்றால் நமக்குப் பயனில்லை, நற்குணத்தை நாம் தேர்தலில் நிறுத்திப் பெற முடியாது. வாக்குப் பெற்ற மக்கள் படையிலே நின்றார்கள். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 180,000 பேர். அவர்கள் துப்பாக்கியைக் கீழே வைத்தால் போரே தோற்கும் என்பதை லிங்கன் வெளிப்படையாகவே எழுதினார். வாக்கு ஊரறிய வாசிக்கப்பட்டது. கை தளர்ந்த நாளிலே, வாக்குப் பெற்ற மக்களுள் ஒருவர் எதிரே அமர்ந்திருந்தார்.

1918இல் நம்முடைய பக்கத்தில் யார் அமர்ந்திருந்தார்கள்? கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் சில கனவான்கள். அவர்கள் அறிவிலோ நாட்டுப்பற்றிலோ குறைந்தவர் அல்லர். ஆனால் மட்டக்களப்பிலும் மன்னாரிலும் இருந்த ஏர் பிடித்தவனுக்கும் வலை வீசியவனுக்கும் வாக்கில்லை; ஆகவே அவன் சாட்சியுமில்லை. அக்கடிதம் மீறப்பட்டபோது எந்த ஊரும் திரளவில்லை. திரள்வதற்கு, அப்படி ஒரு கடிதம் உண்டென்று ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே! நம்முடைய பெரும்போக ஆரம்பக் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பு முடிக்கும் நாள், மாடுகளை அப்புறப்படுத்தும் நாள் எல்லாம் அத்தனை கமக்காரர் முன்னும் சொல்லி எழுதப்படுகின்றன. பிறகு ஒருவன் மாட்டை வயலில் விட்டால் வட்டவிதானை மட்டுமல்ல, கண்டம் முழுவதும் கேட்கும். அந்தச் சாதாரணக் கூட்டத்தில் உள்ள காவல், ஓர் இனத்தின் கடிதத்துக்கு இருக்கவில்லை.

இந்த நோய் 1918உடன் தீரவில்லை. 1957 யூலை 26ஆந் திகதி பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் ஒப்பமிட்ட உடன்படிக்கை வெளியிடப்பட்டது, அது நன்று. பிரதேச சபைகளுக்குக் குடியேற்றத் திட்டங்களில் ஆட்களைத் தெரியும் அதிகாரம் அதிற் சொல்லப்பட்டது. 1958 ஏப்பிரல் 9ஆந் திகதி பிக்குமார் பிரதமரின் இல்லத்தின் முன் அமர்ந்து அதனைக் கிழிக்கச் சொன்னார்கள். கைவிட்டேன் என்று அவர் வாயாற் சொன்னது அவர்களுக்குப் போதவில்லை. எழுதித் தாரும் என்றார்கள், எழுதியே வாங்கினார்கள்! எழுத்தின் பெறுமதியை நமக்கு அவர்களே கற்பித்தார்கள் என்பேன். வாக்கைக் காப்பதற்கு வாசலில் அமர ஆளில்லாத இடத்தில், வாக்கை முறிப்பதற்கு அமர்ந்தவர்கள் வென்றார்கள்.

1965 மார்ச் 24ஆந் திகதி டட்லி சேனாநாயக்கவும் செல்வநாயகமும் செய்த உடன்படிக்கையோ அந்நாளில் மக்களுக்கு வெளியிடப்படவே இல்லை. மாவட்ட சபைத் திட்டம் 1968இல் கைவிடப்பட்டபோது, எதை இழந்தோம் என்றுகூட நம்மிற் பலர் சரியாக அறியவில்லை. வடக்குக் கிழக்குக் குடியேற்றத் திட்டங்களில் காணி யாருக்கு முதலில் என்று அதில் ஒரு வரிசை உண்டு. முதலில் அந்தந்த மாவட்டத்தின் காணியற்றவர். அடுத்து வடக்குக் கிழக்கில் வாழும் தமிழ் பேசும் மக்கள். அதன் பின்னர் ஏனைய குடிமக்கள், அவர்களுள்ளும் நாட்டின் பிற பாகங்களில் வாழும் தமிழருக்கு முதலிடம். தமிழ் பேசும் மக்கள் என்றால் நம் முஸ்லிம் சகோதரரும் அதில் அடக்கம் என்பதை, பக்கத்து ஊர்களிலிருந்து வந்திருப்போர் குறித்துக்கொள்க. ஸ்டீவன்சுக்கு லிங்கன் எழுதிய கடிதத்தைப்போல் இதுவும் சிலர் கண்ணுக்கு மட்டுமாக இருந்து மடிந்தது.

நாளையும் பேச்சுவார்த்தை வரும். நம்மவர் சார்பில் யாரோ சென்று அமர்வார்கள். அவர்கள் எந்தக் கட்சியினராயினும் ஆகுக. திரும்பி வரும்போது அவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டியவற்றை ஒரு நொத்தாரிசின் முன் கேட்பதுபோலவே கேளுங்கள்: தாளைக் காட்டுங்கள், ஒப்பமிட்டவர் கட்சிக்காகவா, அரசுக்காகவா, தனக்காகவா ஒப்பமிட்டார், அவர் பதவி போனால் இது யாரைக் கட்டும், எந்த நாளுக்குள் சட்டமாகும்? மறுமொழியில்லாவிடின், மறுமொழி வரும் வரை கையொலி எழுப்பாதிருங்கள்.

நான் பேச வந்தது இவ்வளவே. 1918ஆம் ஆண்டுக் கடிதத்தின் பொருளையும், 1957ஆம், 1965ஆம் ஆண்டு உடன்படிக்கைகளின் காணிப் பகுதிகளையும் தமிழில் எழுதிக் கொணர்ந்திருக்கின்றேன். ஆசிரியர் ஒருவர் இப்பொழுது அவற்றை வாசிப்பார். மெதுவாக வாசிக்கும்படி அவரைக் கேட்டிருக்கின்றேன். விளங்காத இடத்தில் கையை உயர்த்துங்கள்; அந்த வரியை மீண்டும் வாசிப்பார். படிகள் நூறு உண்டு. வீட்டுக்கொன்று எடுத்துச் செல்லலாம்.